சிறிதாயினும் நாள்தோறும்
சொந்தத் தொழில் புரிவோருக்குத் தறி கற்பிக்கும் பாடம்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில், படவேட்டுக்குப் பாதை பிரியுமிடத்தில் அமைந்திருக்கிறது சந்தவாசல். மேற்கே ஜவ்வாது மலை. கிழக்கே ஆரணி நகரம். ஆரணிப் பட்டு எனப் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் அடைந்திருக்கும் சேலைகள் ஆரணி நகருக்குள் மட்டும் உருவாகுபவை அல்ல. நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில், வீட்டின் கூடத்திலேயே குழி வெட்டி அமைத்த தறிகளில் அவை உருப்பெறுகின்றன. அத்தறிகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பிற சமயத்தைச் சேர்ந்த நம் சகோதரர்கள். எனினும் நல்ல பாடத்தைக் கற்றுக்கொள்வதற்கு வேலி ஏது? நமது வெள்ளிக்கிழமைச் சிந்தனைக்கு இன்று அந்தத் தறியையே ஆசானாகக் கொள்வோம்.

நெசவாளரில் இரு வகையினர் உண்டு. ஒருவர் கூலிக்கு நெய்பவர். பாவு, ஊடை, ஜரிகை ஆகிய யாவற்றையும் முதலாளி கொடுப்பார். வண்ணத்தையும் பூவேலையையும் அவரே தீர்மானிப்பார். சேலை என்றைக்கு வந்து சேரவேண்டும் என்பதையும் அவரே சொல்வார். நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். மற்றொருவர் துணிந்து சொந்தத்தறி போடுபவர். நூலைத் தாமே வாங்கி, வண்ணத்தைத் தாமே கூட்டி, கற்பனையில் கண்ட பூவைத் தாமே வரைந்து நெய்து, வாங்குவோரையும் தாமே தேடிக்கொள்பவர். இவரே உண்மையில் கலைஞரும் வணிகரும் ஒருங்கே ஆனவர்.

இந்த இரண்டாமவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலாளியின் பிடியிலிருந்து விடுபட்ட அன்றே, முதலாளி விதித்துவந்த கெடுவும் ஒழுங்கும் அவரைவிட்டு நீங்கிவிடுகின்றன. காலையில் எழுப்புவாரில்லை; மாலையில் கேட்பாரில்லை. மனம் உற்சாகமாக இருக்கும் நாளில் நள்ளிரவு வரை உழைப்பார். மனம் சோர்ந்த நாளில் தறியின் பக்கமே செல்லமாட்டார். முன்பணம் கொடுத்தவர் கேட்டு வந்தால் நாளை என்பார். அந்த நாளை, பல நாளைகளாக நீளும். கைத்திறன் குறைந்ததனால் வீழ்ந்தவர்களை விட, காலத்தை ஆளத் தெரியாமையினால் வீழ்ந்தவர்களே சொந்தத் தொழிலில் அதிகம் எனலாம்.

இது நெசவாளருக்கு மட்டும் உரிய சோதனை அன்று. வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து கொடுக்கும் நம் சகோதரிகள், தையற்கடை வைத்திருப்போர், மரச்சிற்பம் செதுக்குவோர், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்போர், அத்தர் கலந்து விற்போர் என, தம் கற்பனையையும் கைகளையும் முதலாகக் கொண்டு பிழைக்கும் அனைவருக்கும் உரியது. தமக்குத் தாமே முதலாளி ஆனவர், தமக்குத் தாமே ஒழுங்கும் ஆக வேண்டும். அது எங்ஙனம் என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி எளிதானதன்று என்பதை ஒரு கணக்குக் காட்டும். நம் நாட்டில் 2009-10ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 லட்சம் பேர் நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டிருந்தனர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. நூல் விலை, ஜரிகை விலை, விசைத்தறியின் போட்டி, குறைந்த கூலி என இதற்குக் காரணங்கள் பலவுண்டு. அவற்றை எல்லாம் தனியொரு மனிதர் மாற்றிவிட இயலாது. ஆனால் தம் கையில் உள்ள ஒரு நாளை எப்படி நடத்துவது என்பது ஒவ்வொருவரின் அதிகாரத்திலும் உள்ளது. அந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டவருக்கே மற்றவற்றோடு போராட வலிமை மிஞ்சும்.

தறியில் தெரியும் கோடு

பட்டு நெசவு என்பது பொறுமையின் வடிவம். கச்சாப் பட்டை முறுக்கேற்ற வேண்டும். அதன் மேலுள்ள பசையை நீக்க வேண்டும். அவ்வாறு நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துபோகும். பிறகு சாயமிட்டு, உலர்த்தி, இழைத்து, பாவு ஓட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றோடொன்று சிக்காமல், ஒரே இழுப்பில் நிற்க வேண்டும். தெருவில் பாவை நீட்டிப் பதப்படுத்துவதை விடியற்காலையிலேயே முடித்துக்கொள்வர். வெயில் ஏறிவிட்டால் இழை காய்ந்து முறியும். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே முதல் நாடா ஓடும்.

இத்தனை முன்னேற்பாடும் எதற்காக? பாவு என்பது ஒழுங்கு, அது அசையாது. ஊடை என்பது கற்பனை. அது வண்ணம் மாறும், பூ மலரும், மயில் ஆடும். பாவு தளர்ந்தால் எத்தனை அழகிய ஊடையும் துணியாகாது. கற்பனைக்கு ஒழுங்கு பகையென்று கருதுவோர் ஒரு முறை தறியருகில் அமர்ந்து பார்க்கட்டும். மயிலை வரையும் கலைஞர் முதலில் கட்டத்தாளில் சிறு சிறு கட்டங்களை நிரப்புகிறார். ஒவ்வொரு கட்டமும் இழையின் ஒரு போக்கைக் குறிக்கும். பின்னர் அந்தக் கட்டங்கள் ஜக்கார்டு அட்டையில் துளைகளாகின்றன. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய இம்முறை, இன்று கணினியின் துணையோடு நம் சிற்றூர்த் தறிகளிலும் இயங்குகிறது. மயில் பறப்பதற்கும் கட்டம் தேவைப்படுகிறது!

நெசவில் தேர்ந்தவர் அறிந்த இன்னொரு செய்தியும் உண்டு. தறியை நெடுநேரம் நிறுத்திவிட்டுப் பின்னர் திடீரென நெய்யத் தொடங்கினால், அந்த இடத்தில் துணியின் நெருக்கம் மாறிவிடும். இழுத்துக் கட்டிய பாவு, கிடந்த கிடையில் நீண்டுவிடும். மீண்டும் அடிக்கும் அடியின் வேகமும் மாறிவிடும். சேலையை விரித்துப் பார்த்தால், குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும். ஆகவேதான் நல்ல நெசவாளர் பணியை நிறுத்தும்போது பாவைச் சற்றுத் தளர்த்திவைப்பார். தொடங்கும்போது பக்குவமாக இறுக்கிக்கொள்வார். இன்று முழுவதும் அடித்து, நாளை முழுவதும் விட்டவருடைய சேலை, அவருடைய வாழ்க்கையை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்துவதற்கும் முறை உண்டு. தொடங்குவதற்கும் முறை உண்டு என்பதே தறி கற்பிக்கும் முதற்பாடம்.

இடியில்லா மழை

இப்பாடத்தை நம் மார்க்கம் எவ்வளவு அழகாகப் போதிக்கிறது என்பதைக் காண்போம். இறைவனுக்கு மிக உவப்பான செயல் யாதென வினவப்பட்டபோது, அளவில் சிறிதாயினும் விடாது செய்யப்படுவதே என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். இதனை அறிவித்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். பெருமானாரின் செயல்கள் எவ்வாறிருந்தன என்று அவ்வன்னையாரிடம் கேட்டபோது அவர்கள் ஓர் அரபுச் சொல்லால் விடை பகர்ந்தார்கள். ‘தீமா’ என்பது அச்சொல். இடியும் மின்னலுமின்றி, ஆரவாரமின்றி, தொடர்ந்து பெய்யும் மெல்லிய மழைக்கு அரபு மொழியில் அப்பெயர்.

வட ஆர்க்காட்டுச் சீமையின் வறண்ட மண்ணை அறிந்தவர்களுக்கு இவ்வுவமையின் அருமை நன்கு விளங்கும். கோடை இடிமழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடும். மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தால் நீர் ஏறியிராது. ஐப்பசியில் விடாது பெய்யும் தூறலே நிலத்துக்குள் இறங்கும், கிணற்றுக்கு ஊற்றாகும். உழைப்பும் அத்தகையதே. ஒரே இரவில் ஒரு சேலையை முடித்துவிடத் துடிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கலாம். நாளுக்கு ஒரு முழமாயினும் தவறாது நெய்பவருக்கே வீட்டில் அடுப்பு எரியும்.

கண்ணிகளை அளந்த நபி

கைத்தொழிலையும் ஒழுங்கையும் ஒருசேர எண்ணும்போது நம் நினைவுக்கு வருபவர்கள் தாவூது நபி (அலை) அவர்கள். அவர்கள் அரசர், இறைத்தூதர். ஆயினும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாகத் திருமறையின் ஸபா அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகின்றான். அங்கே கவசங்களைச் செய்யுமாறு பணிக்கும் இறைவன், அவற்றின் கண்ணிகளைச் சரியான அளவில் அமைக்குமாறும் கட்டளையிடுகின்றான். இரும்பு மென்மையானால் மட்டும் போதாது, அளவும் வேண்டும். கண்ணி பெரிதானால் அம்பு நுழையும். சிறிதானால் கவசம் சுமையாகும். திறமை என்பது இறைவன் அளித்த இளகிய இரும்பு. அதைக் கவசமாக்குவது அளவு.

அவர்களுடைய தொழிலில் இருந்த அதே அளவு வாழ்விலும் இருந்தது. இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள். ஒரு நாள் நோன்பு நோற்று, மறுநாள் விட்டுவிடுவார்கள். இரவின் பங்குகளைக் கூட்டிப் பாருங்கள்: பாதியும், மூன்றில் ஒன்றும், ஆறில் ஒன்றும் சேர்ந்து முழுமையாகின்றன. கண்ணிகளை அளந்த கையே காலத்தையும் அளந்திருக்கிறது.

நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களுடைய வரலாற்றில் இச்செய்தி மேலும் ஒளி பெறுகிறது. இளைஞரான அவர்கள் நாள்தோறும் நோன்பு வைக்கவும், இரவெல்லாம் நின்று வணங்கவும் உறுதி பூண்டார்கள். இதைச் செவியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், உடலுக்கும் கண்ணுக்கும் இல்லாளுக்கும் உரிய கடமைகளை எடுத்துக்காட்டி, மாதத்தில் மூன்று நாள் நோன்பே போதும் என்றார்கள். இளைஞர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று வற்புறுத்த, இறுதியில் தாவூது நபியின் நோன்பை எல்லையாகக் காட்டினார்கள். அதற்கு மேல் சிறந்ததில்லை என்றும் கூறிவிட்டார்கள். ஆண்டுகள் உருண்டோடின. முதுமை வந்தது. உடல் தளர்ந்த நிலையில், அன்று பெருமானார் காட்டிய சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று அந்தத் தோழர் ஏங்கினார்கள். ஆயினும் தொடங்கியதை விட்டுவிட மனமின்றிச் சிரமத்தோடு தொடர்ந்தார்கள்.

எத்தனை மனிதத்தன்மை மிக்க வரலாறு! தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் இதனை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்க நாளின் உற்சாகத்தை அளவுகோலாகக் கொண்டு வாக்களிக்கலாகாது. காய்ச்சல் கண்ட நாளிலும், மழையில் தறிக்குழி ஈரம் பூத்த நாளிலும், வீட்டில் விருந்தினர் வந்த நாளிலும் எவ்வளவு செய்ய இயலுமோ, அதுவே நம் உண்மையான அளவு. அதை நாள்தோறும் செய்வோம். அதற்கு மேல் கிடைப்பது இறைவன் தரும் பரக்கத் ஆகட்டும்.

ஐந்து வேளை என்னும் பாவு

தமக்குரிய ஒழுங்கை எங்கே போய்த் தேடுவது என்று மலைக்க வேண்டியதில்லை. முஸ்லிமின் நாள் ஏற்கெனவே ஐந்து இடங்களில் முடிச்சிடப்பட்டிருக்கிறது. தொழுகை குறித்த நேரங்களில் விதிக்கப்பட்ட கடமை என்று திருமறை அறிவிக்கிறது. ஸுப்ஹு, லுஹர், அஸர், மஃக்ரிப், இஷா என்ற இந்த ஐந்தும் கடமைகளாக இருப்பதோடு, ஒரு நாளைத் தாங்கி நிற்கும் பாவாகவும் அமைந்திருக்கின்றன. இவ்விழைகளுக்கு இடையே நம் தொழிலை ஊடையாக ஓட்டுவதே நாம் செய்ய வேண்டுவது.

ஸுப்ஹுக்குப் பின் வரும் பொழுது படைப்புக்கு உரியது. தம் சமுதாயத்தாரின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை அருளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் இறைஞ்சினார்கள். இதனை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் ஒரு வணிகர். அவர்கள் தம் சரக்குகளை அதிகாலையிலேயே அனுப்பிவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டினார்கள் என்பதும் அதே அறிவிப்பில் காணப்படுகிறது. கேட்டதோடு நில்லாது, அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தறிக்காரருக்கும் காலை வெளிச்சமே உகந்தது. வண்ணத்தின் உண்மை நிறம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வரைதல், நெய்தல், தைத்தல் போன்ற கண்ணும் கருத்தும் வேண்டும் பணிகளை லுஹருக்குள் முடித்துக்கொள்வது நலம். கைப்பேசியை அந்நேரத்தில் எட்ட வைத்துவிடுவது அதனினும் நலம். வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளுக்கு லுஹருக்குப் பின் விடையளிக்கலாம். வாடிக்கையாளர் அரை நாள் காத்திருப்பார். அறுந்த கவனம் காத்திராது.

லுஹருக்கும் அஸருக்கும் இடையே கணக்கு, கடிதம், கொள்முதல். அஸருக்குப் பின் மறுநாளைக்கு வேண்டிய தார் சுற்றிவைத்தல், கருவிகளைச் சரிபார்த்தல். மஃக்ரிபுடன் தறி நிற்கட்டும். இஷாவுக்குப் பின் குடும்பமும் உறக்கமும். இஃதொரு மாதிரி மட்டுமே. அவரவர் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த வேலை எந்தத் தொழுகைக்குப் பின் என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால், நாள்தோறும் மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை. பாங்கொலி கேட்டதும் கால்கள் பள்ளிவாசலை நோக்கிச் செல்வதைப் போலவே, தொழுகை முடிந்ததும் கைகள் தாமே தறியை நோக்கிச் செல்லும்.

இந்த ஒழுங்கில் ஓர் இனிமையும் உண்டு. தொழுகை நேரங்கள் கதிரவனைத் தொடர்ந்து சிறிது சிறிதாக நகர்பவை. நம் பக்கத்தில் ஆண்டு முழுவதிலும் கதிரவன் உதிக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே முன்பின் மாறுகிறது. ஆகவே நம் நாளும் கடிகாரத்தின் அடிமையாகாமல், பருவத்தோடு இசைந்து நகரும்.

வெள்ளிக்கிழமையின் சிறப்பையும் இங்கே நினைவுகூர்வோம். ஜும்ஆத் தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரையுமாறு பணிக்கும் இறைவன், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடுமாறும் கூறுகின்றான். விடுவதும் வணக்கம்; மீண்டும் தொடுவதும் வணக்கம். பாவைத் தளர்த்தி வைக்கும் நெசவாளரின் கையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டு வணிகரான இமாம்

வேலூர், திருவண்ணாமலைப் பகுதி முஸ்லிம்களில் மிகப் பலர் பின்பற்றுவது ஹனஃபி மத்ஹப். அதன் தலைவரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஒரு துணி வணிகர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஹிஜ்ரி 80இல் கூஃபா நகரில் பிறந்து, 150இல் பகுதாதில் மறைந்த அப்பெருமகனார், பட்டு கலந்த உயர்வகைத் துணியை விற்று வாழ்ந்தார்கள். ஆண்கள் பட்டுடுத்துவதை நம் மார்க்கம் தடுத்துள்ளது, பெண்களுக்கு அனுமதித்துள்ளது. தாம் உடுத்த இயலாத பொருளை, உடுத்துவோர்க்காக நேர்மையோடு கையாள்வது பட்டுத் தொழிலில் உள்ள முஸ்லிமுக்குக் கிட்டும் ஒரு தனிப் பயிற்சியாகும்.

கடையும் நடத்தி, மாணவர் குழாத்தோடு சட்டநுட்பங்களையும் ஆராய அவர்களுக்கு எங்ஙனம் இயன்றது? வரையறுத்த வாழ்வினாலேயே. தம் குடும்பத்தின் உடைக்கென்று செலவிடும் போதெல்லாம், அதே அளவு தொகையை அறிஞர்களுக்கும் செலவிடுவது அவர்களின் வழக்கம் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அறம் செய்யவேண்டும் என்று மனம் தூண்டும்போது செய்வோம் என அவர்கள் காத்திருக்கவில்லை. செலவோடு அறத்தைப் பிணைத்துவிட்டார்கள். ஒரு நற்செயலை ஏற்கெனவே செய்துவரும் செயலோடு முடிச்சிடுவதே பழக்கத்தை நிலைநாட்டும் வழி. புதிய பாவைப் பழைய பாவோடு இழைக்கு இழை பிணைப்பதும் அவ்வாறே அன்றோ?

அவர்களுடைய கூட்டாளி ஹஃப்ஸ் என்பவர், குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனவும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். கைத்தறியெனச் சொல்லி விசைத்தறித் துணியையும், அசல் ஜரிகையெனச் சொல்லிப் போலி ஜரிகையையும் விற்போர் மலிந்துவிட்ட இக்காலத்தில், இவ்வரலாறு நம் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேல் எழுதி மாட்டத்தக்கது.

பெண்களுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. நபிகளாரின் துணைவியார் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைக்கும் கைத்திறன் வாய்ந்தவர்கள். தம் கையால் ஈட்டியதை ஏழைகளுக்கு ஈந்து மகிழ்ந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்தே தொழில் புரியும் சகோதரியின் உழைப்பை, பொழுதுபோக்கென எண்ணி இடையிடையே ஏவல் சொல்லும் வீட்டார் இதனைச் சிந்திக்க வேண்டும். அவருக்கும் இடையூறற்ற இரண்டு மணி நேரம் நாள்தோறும் தேவை. அதைத் தருவது குடும்பத்தாரின் கடமை.

எழுதுகோலும் ஆண்டுக் கணக்கும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்று அறிவுறுத்துகிறது. கலைஞர்கள் பலருக்குக் கணக்கெழுதுவது கசப்பான பணி. நூல் வாங்கிய தொகை, சாயக் கூலி, முன்பணம் தந்தவர் பெயர், கொடுத்த வாக்கின் நாள் ஆகியவற்றை அன்றன்றே அஸருக்கு முன் எழுதிவிட்டால், மாத முடிவில் சண்டையுமில்லை, சங்கடமுமில்லை.

ஆண்டுக்கொரு முறை ஜகாத் இக்கணக்கை நம்மிடம் கேட்கிறது. தறியும் கருவிகளும் தொழிற்கருவிகள் ஆதலின் அவற்றுக்கு ஜகாத் இல்லை. விற்பனைக்குரிய நூலும், நெய்து முடித்த சேலையும், கையிருப்புப் பணமும் கணக்கில் சேரும். அவற்றை மதிப்பிட்டு, செலுத்த வேண்டிய கடனைக் கழித்து, உரிய அளவை எட்டியிருப்பின் நாற்பதில் ஒரு பங்கை வழங்க வேண்டும். இக்கடமையை ஒழுங்காக நிறைவேற்றும் வணிகர் ஆண்டுதோறும் தம் சரக்கை எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். எந்த வண்ணம் விற்றது, எது அலமாரியில் தூங்கியது என்பது அன்று தெரிந்துவிடும். ஏழையின் உரிமையைத் தேடப் புகுந்தவர், தம் தொழிலின் நிலையையும் கண்டுகொள்கிறார்.

நூற்றதைப் பிரித்தவள்

உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட பெண்ணைப் போலாகிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையை அந்நஹ்ல் அத்தியாயத்தில் காண்கிறோம். உறுதிமொழியை முறிப்போர்க்காகக் கூறப்பட்ட உவமை இது. முன்பணம் பெற்று, நாள் குறித்து, வாக்களித்துப் பின்னர் தவறுபவர், தம் நற்பெயர் என்னும் நூலைத் தாமே பிரித்துப்போடுகிறார். நிக்காஹ் நாளுக்கு முதல் நாள் சேலை வந்து சேராத வீட்டின் கலக்கத்தை எண்ணிப் பாருங்கள்!

இங்கே நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. செய்ய எண்ணமில்லாத வேலைக்கு “இன்ஷா அல்லாஹ்” என்று விடையளித்து அனுப்பிவைக்கும் வழக்கமே அது. இறைவன் நாடினால் என்ற அத்திருச்சொல், முழு முயற்சியையும் செய்தவர் முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதற்காக உள்ளது. சோம்பலுக்குத் திரையாக அதைத் தொங்கவிடலாமா? நம்முடைய இன்ஷா அல்லாஹ்வைக் கேட்டால் வேலை முடிந்தது என்று பிற சமயத்தவர் நம்பிச் செல்லும் நிலை வரவேண்டும்.

புழுவின் உறக்கம்

ஆரணித் தறிகளில் ஓடும் பட்டிழைக்கும் நம் வரலாற்றுக்கும் ஓர் உறவுண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வங்காளத்திலிருந்தும் மஸ்கத்திலிருந்தும் பட்டுப்புழுவைத் தருவிக்க முயன்று, மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்புக்கு ஊக்கமளித்தவர் திப்பு சுல்தான். இன்றும் கர்நாடகப் பட்டு நம் தமிழ்நாட்டுத் தறிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புழுவைப் பாருங்கள். ஏறத்தாழ நான்கு வாரங்கள், நேரந்தவறாது இட்ட முசுக்கட்டை இலையை உண்டு வளர்கிறது. அதற்குள் நான்கு முறை உண்ணாது, அசையாது, தோலுரித்து ஓய்கிறது. அவ்வேளையில் வளர்ப்போர் இலையிடுவதில்லை. அதைத் தொந்தரவு செய்வதுமில்லை. அந்த ஓய்வு இல்லையேல் வளர்ச்சி இல்லை. அதன்பின்னரே இரண்டு மூன்று நாட்களில், எண் எட்டைப் போலத் தலையை அசைத்து அசைத்து, பல நூறு மீட்டர் நீளமுள்ள இழையை அறுபடாமல் உமிழ்ந்து கூடு கட்டுகிறது. உலகம் கூட்டை மட்டும் பார்த்து வியக்கிறது. அக்கூட்டின் பின்னே இருப்பதோ நேரந்தவறாத உணவும், நேரந்தவறாத ஓய்வும்.

இரவை ஆடையாகவும், பகலை வாழ்வுக்குரிய பொழுதாகவும் ஆக்கியதாகத் திருமறை மொழிகிறது. எனவே ஓய்வை இழிவாக எண்ணாதீர்கள்; ஓய்வுக்கும் நேரம் குறியுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால் மனமுடைந்து மறுநாளையும் விட்டுவிடாதீர்கள். தவறிய தொழுகையைக் களாவாக நிறைவேற்றிவிட்டு அடுத்த வேளைக்கு ஆயத்தமாகும் முஸ்லிமுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுந்த இழையைக் கண்ட நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை. நாடாவை நிறுத்தி, முனையைத் தேடி, முடிச்சிட்டு, மீண்டும் அடிக்கிறார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுங்கள். எந்தத் தொழுகைக்குப் பின் எந்த வேலை என்று ஐந்தே வரிகளில் எழுதுங்கள். சோர்ந்த நாளிலும் செய்யக்கூடிய அளவையே எழுதுங்கள். அடுத்த ஜும்ஆ வரை அதைக் காப்பாற்றுங்கள். ஒரு வாரம் ஒரு மாதமாகும், மாதம் ஆண்டாகும், முழம் முழமாக நெய்தது ஒரு நாள் சேலையாகிப் படிமரத்திலிருந்து இறங்கும்.

நம் கைகளுக்குத் திறனையும், நம் நாட்களுக்கு ஒழுங்கையும், நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் வாக்கில் உண்மையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.